சாப்பாட்டில் சேராத சர்க்கரை

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் இன்னும் ஒட்டியிருக்கிறது. என் கையெழுத்துதான். ஆறு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். வெறும் தண்ணீர் குடிக்கலாம், நிறையவே குடிக்கலாம். காபி, டீ, மோர், இளநீர் கிடையாது. மிட்டாய், பாக்கு, சூயிங்கம் கிடையாது. முதல் நாள் வேக நடை, மூட்டை தூக்குவது கிடையாது. பழைய ரிப்போர்ட், பழைய படம் எல்லாம் பைக்குள் இருக்கணும். கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருக்கிறேன்: வாயில் எதையும் போடக் கூடாது.

அந்தக் கடைசி வரியை மீறியது யார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முப்பது வருஷம் தாலுகா ஆபீஸில் மனு வாங்கினவள் நான். ஒரு இணைப்பு குறைந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். "அந்தம்மாகிட்ட போனா ரெண்டு நடை நடக்கணும்" என்று காரைக்கால் பூராவும் எனக்குப் பெயர். வீட்டுக்காரர் நேர் எதிர். குரும்பகரத்தில் பிறந்தவர், மின்துறையில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இனிப்பு என்றால் உயிரை விடுகிறவர். பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி வேறு. வயலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஊருக்குப் போனால் சட்டைப் பையில் கடலைமிட்டாய்த் தூளோடு திரும்புவார். கேட்டால், "அறுப்பு ஆளுங்க குடுத்தாங்க, வேணாம்னா அவங்க மனசு கஷ்டப்படும்ல?" என்பார். உலகத்தில் யார் மனசும் கஷ்டப்படக் கூடாது, என் மனசைத் தவிர.

போன வருஷம் அவருக்குப் பெருங்குடலில் ஒரு கட்டி. கேன்சர் என்றார்கள். ஆபரேஷன் ஆயிற்று, மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். சோற்று வாசனை பட்டாலே குமட்டும் அவருக்கு. ஒருவழியாக முடிந்தது என்று மூச்சு விட்டோம். அப்புறம் வழக்கமாக எடுக்கிற சி.டி. ஸ்கேனில், வலது நுரையீரலில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு புள்ளி.

ஆபரேஷன் செய்த டாக்டர் சனிக்கிழமைகளில் காரைக்காலுக்கு வந்து பார்ப்பார். படத்தை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது என்னன்னு இந்தப் படம் சொல்லாதும்மா. இருக்குன்னு மட்டுந்தான் சொல்லுது. பழைய தழும்பா இருக்கலாம், குடல்லேருந்து பரவுனதாவும் இருக்கலாம். தஞ்சாவூர் போயி பெட் ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்றார்.

"அதுல மட்டும் எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். எனக்கு எதையும் கேட்காமல் விட முடியாது.

"சர்க்கரை மாதிரி ஒரு மருந்த ஊசியில ஏத்துவாங்க. அதுல லேசா கதிரியக்கம் இருக்கும். வேகமா வளர்ற செல்லு சர்க்கரைக்கு அலையும். எந்த எடம் அத அதிகமா இழுக்குதோ அது படத்துல தனியா எடுப்பாத் தெரியும்."

"அப்ப அதுவும் என்னய மாதிரிதான்" என்றார் இவர். டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் புள்ளி சர்க்கரையை இழுத்தால் வியாதி பரவிவிட்டது என்று அர்த்தம். பழையபடி மருந்து, ஊசி, வாந்தி. இந்தத் தடவை எவ்வளவு காலம் என்று கேட்டேன். டாக்டர் முதலில் ஸ்கேன் எடுங்கள் என்றார்.

எங்கள் பக்கத்து வீட்டில் லாத்தா இருக்கிறார். லாத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. எனக்குப் பத்து வயது மூத்தவர். மகன்கள் இரண்டு பேரும் துபாயில், நிறைமாத மருமகள் வீட்டில். நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த முதல் நோன்பு மாதத்தில் கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர், இன்றுவரை அந்தக் கிண்ணம் இரண்டு வீட்டுக்கும் நடையாக நடக்கிறது. என் வீட்டுக்காரர் அவருக்குக் கூடப் பிறக்காத தம்பி. அந்தத் தம்பிக்கு ஆபரேஷன் நடந்த அன்று லாத்தா முழு நாளும் தொழுகைப் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை என்று அவர் மருமகள் பிறகு சொன்னாள்.

ஸ்கேனுக்குப் போகிற அன்று காலை ஐந்து மணிக்கு வாடகைக் கார் வந்து நின்றது. நான் ஃபைல், போர்வை, தண்ணீர் பாட்டில் எல்லாம் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின இரவு எட்டு மணியோடு அவர் சாப்பாட்டை நிறுத்தியிருந்தேன். காலையில் சர்க்கரை மாத்திரை போடலாமா என்று ஸ்கேன் சென்டருக்கே போன் போட்டுக் கேட்டேன், வேண்டாம் என்றார்கள். அது ஆளுக்கு ஆள் மாறுமாம், நாமாக முடிவு பண்ணக் கூடாதாம். எல்லாம் கச்சிதம். அப்போது லாத்தா முக்காட்டைச் சரிசெய்தபடி வந்தார், கையில் நாளிதழ்த் தாளில் மடித்த ஒரு பொட்டலம்.

"புள்ள, நேத்து தர்காவுல பாத்திஹா ஓதி வாங்கியாந்த சர்க்கரை. அல்லா லேசாக்கி வப்பான். கீழ சிந்திராத."

அவர் கண் கலங்கியிருந்தது. வாங்கிக்கொண்டேன். வாங்கிய கை அடுத்து என்ன செய்தது என்பது காரில் ஏறுவதற்குள் எனக்கு மறந்தே போய்விட்டது. வீட்டுக்காரர் முன் சீட்டில், நான் பைகளோடு பின்னால். திருநள்ளாறு தாண்டுவதற்குள் மூன்று தடவை ஞாபகப்படுத்தினேன். "தண்ணி தவிர ஒண்ணும் கூடாது, தெரியுமில்ல?"

"தெரியும்டி. விடு" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

தஞ்சாவூர் ஸ்கேன் சென்டரில் ஒரு நர்ஸ் பெண் அவர் விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தாள். கையிலிருந்த கருவியைப் பார்த்தாள். இன்னொரு விரலில் குத்தினாள். "ஐயா ஏதும் சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா."

"டீ, காபி?"

"பச்சத் தண்ணிதான்."

"சர்க்கரை இருநூத்தி நாப்பது காட்டுது. இப்ப ஸ்கேன் பண்ண முடியாதும்மா."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "என்னம்மா பேசுற? நேத்து எட்டு மணியிலேருந்து ஒரு பருக்கை உள்ள போவல. கும்பகோணத்துல காருக்குள்ள வரைக்கும் காபி வாசன அடிச்சுது, நிறுத்தலயே நாங்க! உன் மெஷின் கோளாறா இருக்கும், வேற மெஷின் எடுத்துட்டு வா" என்று சத்தம் போட்டேன். காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தாலுகா ஆபீஸ் குரல் அது, லேசில் அடங்காது.

அந்தப் பெண் கோபப்படவில்லை. இவர் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். "ஐயா, மீசையில என்ன அது?"

இவர் அவசரமாகத் துடைத்தார். விரலில் நாலு பரல் மின்னிற்று. சட்டையிலும் இருந்தது. அதையும் தட்டிவிட்டு, "அது தர்காவுல ஓதின சர்க்கரைம்மா. சாப்பாடு இல்ல" என்றார்.

அட கடவுளே, என்று அவரைத் திட்ட வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் வீட்டு வாசலில், காருக்குப் பக்கத்தில், பொட்டலத்தைப் பிரித்து மூன்று விரலால் அள்ளி, "நல்லபடியா முடியணும், வாயத் தொறங்க" என்று அவர் வாயில் போட்டது நான்தான். நானும் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டேன். மீதியை மடித்து, சிந்தாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் கையில் கொடுத்ததும் நான்தான். தாள் எழுதியவள், கோடு இழுத்தவள், அடுத்தவர் மனுவில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவள். பிரசாதம் சாப்பாட்டில் சேரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கோயில் விபூதி மாதிரி, தீர்த்தம் மாதிரி, அது வேறு வகை.

இரண்டு மணி நேரம் தண்ணீர் குடித்தபடி உட்காரவைத்து மறுபடி குத்திப் பார்த்தார்கள். இறங்கவில்லை. அங்கிருந்த டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "ரத்தத்துல ஏற்கெனவே சர்க்கரை நெறஞ்சிருந்தா, நாங்க ஏத்துற மருந்து போற எடத்துக்குப் போவாது. இருக்கிற வியாதியக்கூட இல்லன்னு காட்டிடும். தப்பான படத்துக்குப் படம் இல்லாததே மேல்."

"ஒரு இன்சுலின் போட்டுட்டு எடுக்கலாமே?"

"இப்பப் போட்டா மருந்தெல்லாம் தசையில போயி ஒக்காந்துக்கும்மா. அடுத்த புதன் வாங்க."

இவருக்கென்று அன்று காலை தயாராகி வந்த மருந்து மணிக்கு மணி வலு குறைகிற சரக்காம். நாளைக்கு என்று எடுத்துவைக்க முடியாதாம். அதைக் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் அந்தப் புள்ளி என்னவென்று தெரியாமல் இருக்க வேண்டும். என் கையால் வந்த வாரம்.

திரும்பும்போது கும்பகோணத்தில் காரை நிறுத்தி அவருக்குச் சர்க்கரை போடாத காபி வாங்கிக் கொடுத்தேன். முகத்தைச் சுளிக்காமல் குடித்தார்.

"நான் போட்டது ஒரு சிட்டிகைங்க. பொட்டலம் பூராவும் ஏன் தின்னீங்க?"

டம்ளரையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ போட்டது உள்ள போனதும் பயம் கொஞ்சம் விட்டுச்சு. பேரளம் தாண்டுனதும் மறுபடி பயமா இருந்துச்சு. அதான் இன்னுங் கொஞ்சம் போட்டேன். அப்பறம் இன்னுங் கொஞ்சம்."

கம்பத்தில் ஏறி இறங்கிய மனுஷர். புயல் அடித்த மறுநாள் பட்டினச்சேரி வரைக்கும் அறுந்த கம்பியை மிதித்துக்கொண்டு போனவர். பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. காபிக் கடை வாசலில் அதெல்லாம் முடியுமா? "டம்ளரைக் கீழ வைங்க, நேரமாச்சு" என்றேன்.

லாத்தா வாசலிலேயே காத்திருந்தார். அவரிடம் எப்படிச் சொல்வது? சர்க்கரையால்தான் என்று சொல்லக் கூடாது என இவர் காரிலேயே சத்தியம் வாங்கியிருந்தார். ஆகவே, "மெஷின் ரிப்பேர் லாத்தா, அடுத்த புதன் வரச் சொல்லிட்டாங்க" என்றேன். லாத்தா அந்த மெஷினைத் திட்டித் தீர்த்தார். பிறகு, "நா ஓதி வாங்குனது பத்தல போல. இன்னும் நெறய வாங்கியாறேன்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் ஃப்ரிட்ஜில் இருந்த தாளில், கோட்டுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: ஓதின சர்க்கரையும் சாப்பாடுதான். எழுதினாலும் மனசு ஆறவில்லை. அன்றிலிருந்து அவர் மாத்திரையை என் கையால் எடுத்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். டப்பாவை அப்படியே அவர் பக்கம் நகர்த்துவேன். அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை.

அடுத்த புதன் காலை லாத்தா சொன்னபடியே வந்தார். இந்தத் தடவை பொட்டலம் இரண்டு மடங்கு பெரியது. அவரே பிரித்து, ஒரு பிடி அள்ளி, "பிஸ்மி சொல்லு தம்பி" என்று கையை நீட்டினார். இவர் வாயை இறுக மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். பாவமாக இருந்தது. லாத்தா கை நீட்டியபடியே நின்றது.

சத்தியமாவது ஒன்றாவது. சொல்லிவிட்டேன். "லாத்தா, மெஷின் ரிப்பேர் இல்ல. அன்னிக்கு இந்தச் சர்க்கரைய நாந்தான் இவரு வாயில போட்டேன். அதுல சர்க்கரை ஏறிப்போச்சு. படம் எடுக்க முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

லாத்தா முகம் வெளுத்துவிட்டது. நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டு, கையிலிருந்த சர்க்கரையை ஒரு பரல் சிந்தாமல் பொட்டலத்தில் போட்டார். அப்புறம் பிடித்தார் ஒரு பிடி. "ஏன்டி, ஒரு வாரமா எங்கிட்ட மறச்சியா? நா என்ன வேத்தாளா? நீ சொல்லாட்டி இன்னிக்கும் கெடுத்திருப்பேனேடி என் தம்பிய!"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு…"

"வருத்தப்பட்டா சாவுறேன் போ!" என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குரல் இறங்கிச் சொன்னார்: "இது எங்கிட்டயே இருக்கட்டும். தம்பி பட்டினியா போறான்ல. நானும் இன்னும் ஒண்ணும் வாயில வக்கல. இன்னிக்கி நோன்பு வச்சிக்கிறேன். போய்ட்டு வாங்க."

அன்று சர்க்கரை சரியாக இருந்தது. கையில் ஊசி குத்தி மருந்தை ஏற்றி, மங்கலான ஓர் அறையில் போர்வை போர்த்திப் படுக்க வைத்தார்கள். ஒரு மணி நேரம் பேசக் கூடாது, போன் பார்க்கக் கூடாது, அசையக் கூடாது. உழைக்கிற தசையும் குளிரில் நடுங்குகிற உடம்பும்கூட அந்த மருந்தை இழுத்துக்கொள்ளுமாம். என்னைப் பக்கத்தில் விடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து பேசாதே என்று நான் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அன்றுதான் கேட்டார், அதுவும் வேறு யாரோ சொல்லி. அப்புறம் சிறுநீர் கழிக்கச் சொல்லி, பெரிய வளையத்துக்குள் படுக்கையை நகர்த்திப் படம் எடுத்தார்கள். வலி ஒன்றும் இல்லையாம்.

"இன்னிக்குப் பூரா நெறய தண்ணி குடிங்க. மாசமா இருக்கிறவங்க, கைக்கொழந்தைங்க பக்கத்துல போவாதீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். லாத்தா வீட்டில் மருமகள் நிறைமாதமாயிற்றே. அதனால் இவர் வீட்டுக்கு வந்ததும் தெருவின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். லாத்தா இந்தப் பக்கம், தன் கேட்டைப் பிடித்தபடி. நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

"எடுத்தாச்சா தம்பி?"

"எடுத்தாச்சு லாத்தா! நீங்க நோன்பத் தொறங்க!"

தெரு முழுக்கக் கேட்டது.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். படத்தை எங்களிடமே கொடுத்திருந்தார்கள்; ரிப்போர்ட் டாக்டருக்கு நேரே போகும், நீங்களாகப் பார்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். மறுநாள் அவர் குளிக்கப் போனதும் உறையைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். தலைக்குள் கரி அப்பின மாதிரி கறுப்பு. அடிவயிற்றில் ஒரு பெரிய கறுப்பு உருண்டை. மருந்து போய்ச் சேர்ந்த இடமெல்லாம் கறுப்பாகத் தெரியும் என்று ஓரத்தில் அச்சடித்திருந்தது. நுரையீரலைப் பார்க்கவே எனக்குத் தோன்றவில்லை. மூளைக்கே போய்விட்டது, எல்லாம் முடிந்தது என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம் அவருக்குக் கேசரி கிளறினேன். நெய் விட்டு, முந்திரி வறுத்துப் போட்டு, தட்டு நிறைய வைத்தேன். கட்டுப்படுத்தி என்ன ஆகப்போகிறது, ஆசைப்பட்டதைச் சாப்பிடட்டும் என்று ஒரு எண்ணம். அவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"படத்தப் பாத்துட்டியா?"

நான் கேசரிப் பாத்திரத்தை மூடினேன்.

"நீ கேசரி குடுக்கிறன்னா நான் போயிட்டேன்னு அர்த்தம்" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. கேசரி அப்படியே கிடந்து ஆறிப்போயிற்று.

சனிக்கிழமை டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். அவர் வாயைத் திறப்பதற்குள் நான், "மூளைக்குப் போயிடுச்சா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

"மூளைக்கு எப்பவும் சர்க்கரை வேணும்மா. எனக்கு எடுத்தாலும் உங்களுக்கு எடுத்தாலும் தலை இப்படித்தான் இருக்கும். கீழ இருக்கிறது மூத்திரப்பை. மருந்து வெளிய போற வழியில அங்க தேங்கும். இதுல எதுவும் வியாதி இல்ல." நுரையீரலில் விரலை வைத்தார். "நாம தேடிப் போனது இங்க. பாருங்க, இழுக்கவே இல்ல. பழைய தழும்பாத்தான் தெரியுது."

"அப்ப ஒண்ணுமில்லயா?"

"இப்போதைக்கு ஒண்ணுமில்ல. இந்த ஸ்கேன்ல தெரியறதெல்லாம் கேன்சர் இல்ல. சளி, புண்ணு கூடத் தெரியும். தெரியாததெல்லாம் ஒண்ணுமில்லன்னு ஒரேயடியா சொல்லவும் முடியாது. மூணு மாசம் கழிச்சு ஒரு சாதாரண சி.டி. எடுத்து, இது வளராம இருக்கான்னு பாத்துக்குவோம்."

இப்போதைக்கு. அந்த வார்த்தை எனக்குப் போதும் என்று இருந்தது. வெளியே வந்ததும், திருநள்ளாறு போகிற சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவே, மருத்துவமனைச் சுவரில் சாய்ந்து நின்று அழுதேன். இவர் என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

வீட்டு வாசலில் லாத்தா. எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டு உள்ளே ஓடினார். அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. புதன்கிழமைப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார். இவர் முன்னால் நீட்டியவர், சட்டென்று கையை நிறுத்தி, "இப்பக் குடுக்கலாமா புள்ள?" என்று என்னிடம் கேட்டார்.

"ஒரு சிட்டிகை, லாத்தா" என்றேன்.

இவர் தலையை ஆட்டினார். "நீங்க வேணாம் லாத்தா. இவ கையில குடுங்க."

எனக்குப் புரியவில்லை. அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அன்னிக்குப் போட்ட அதே கையால போடு. பத்து நாளா மாத்திர டப்பாவத் தள்ளித் தள்ளி விடுற. நான் பாக்கலன்னு நெனச்சியா?"

மூன்று விரலால் அள்ளினேன். பாதி சிந்தியது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வாயத் தொறங்க" என்றேன்.